ராத்திரி டியூட்டி

மொட்டை மாடித் தொட்டி வழிந்து, சன்ஷேடில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டு நடுராத்திரி எழுந்து ஓடிய அனுபவம் உங்களுக்கு உண்டா? "மோட்டாரை யார் போட்டது?" என்று ஒரு குரல். "போட்டது நான்தான். அணைக்கிறேன்னு சொன்னது நீங்க" என்று பதில் குரல். போடுவதற்கு எப்போதும் ஆள் இருக்கிறது. அணைப்பதற்குத்தான் ஆள் கிடைப்பதில்லை.

இந்தச் சண்டை நம் வீட்டுக்கு மட்டும் சொந்தமானதில்லை. கம்ப்யூட்டர்காரர்களும் ஐம்பது வருஷத்துக்கு மேலாக இதையேதான் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். ராத்திரி ஆபீஸ் காலி. மெஷின் மட்டும் ஓடுகிறது. யார் அணைப்பது? அணைத்துவிட்டால் காலையில் யார் போடுவது? யோசித்து யோசித்து, கடைசியில் அவர்கள் ஒரு ராத்திரி வாட்ச்மேனைக் கண்டுபிடித்தார்கள். சம்பளம் கேட்காத, தூங்காத, லீவு போடாத வாட்ச்மேன். அவர் பெயர் ஸ்க்ரிப்ட். செய்யவேண்டிய வேலைகளை வரிசையாக எழுதிவைத்த ஒரு சீட்டு, அவ்வளவுதான்.

அந்தச் சீட்டின் கதையைத்தான் இந்த வாரம் பார்க்கப்போகிறோம். அதற்கு முதலில் 1964-க்குப் போகவேண்டும்.

*

அமெரிக்காவின் மாஸசூஸெட்ஸ் மாநிலத்தில் கேம்பிரிட்ஜ் நகரம். எம்.ஐ.டி.க்குப் பக்கத்தில் ஐ.பி.எம். நிறுவனம் ஒரு சின்ன ஆராய்ச்சி மையம் வைத்திருந்தது. அங்கே ராபர்ட் க்ரீஸி, லெஸ் கோமோ என்ற இரண்டு பேருக்கு ஒரு விசித்திரமான யோசனை வந்தது.

அன்றைய கம்ப்யூட்டர் ஒரு கல்யாண மண்டபத்தின் ஹாலையே அடைத்துக்கொள்ளும். விலை கேட்டால் தலை சுற்றும். அதனால் ஒரே கம்ப்யூட்டரைப் பல பேர் ஒரே சமயத்தில் பங்குபோட்டுக்கொள்ள என்ன வழி என்று ஊரெல்லாம் யோசித்துக்கொண்டிருந்தார்கள். க்ரீஸி கோஷ்டி கொஞ்சம் மாற்றி யோசித்தது. ஆளுக்குக் கொஞ்சம் பங்கு கொடுப்பதற்குப் பதில், முழுக் கம்ப்யூட்டரும் தனக்கே தனக்கு என்று ஒவ்வொருவரையும் நம்பவைத்தால் என்ன?

பழைய ஒண்டுக்குடித்தன வீடுகளை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரே வீடு, ஒரே கிணறு, 14 குடித்தனம். ஆனால் இந்த வீட்டில் ஒரு மாயம். ஒவ்வொரு குடும்பத்துக்கும் முழு வீடும், முழுக் கிணறும் தனக்கு மட்டும்தான் என்று தோன்றும். பக்கத்து வீட்டுக்காரர் கண்ணில் படவே மாட்டார். வீட்டுக்காரர் மட்டும் யாருக்கு எப்போது எந்த அறை என்று பின்னாலிருந்து படு வேகமாக மாற்றி மாற்றிக் கொடுத்துக்கொண்டிருப்பார்.

சி.பி-40 என்று அந்த மென்பொருளுக்குப் பெயர். ஐ.பி.எம். சிஸ்டம்/360 மாடல் 40 என்ற கம்ப்யூட்டரைக் கொஞ்சம் மாற்றியமைத்து அதில் ஓட்டினார்கள். 1967 ஜனவரியில் அது தினசரி உபயோகத்துக்கு வந்துவிட்டது. ஒரு நிஜ மெஷினுக்குள் 14 பொய் மெஷின்கள். இவற்றைத்தான் வர்ச்சுவல் மெஷின் என்கிறோம். பாடப்புத்தகத் தமிழில் மெய்நிகர் இயந்திரம்.

இங்கேதான் நம் கதைக்கான முக்கியமான சங்கதி நடந்தது. நிஜக் கம்ப்யூட்டருக்கு முகப்பில் ஒரு பலகை இருக்கும். எந்த டிஸ்க்கிலிருந்து உயிர்பெற வேண்டும் என்பதை வட்டத் திருகிகளில் திருப்பி வைத்துவிட்டு, 'லோடு' என்ற பொத்தானை அழுத்தினால் மெஷின் எழுந்துகொள்ளும். நிறுத்த ஒரு பொத்தான், ரீசெட் செய்ய ஒரு பொத்தான். பொய் மெஷினுக்கு ஏது பலகை? ஏது பொத்தான்? அதனால் பொத்தான்களை எல்லாம் வார்த்தைகளாக்கிவிட்டார்கள். டைப்ரைட்டர் போலிருக்கும் டெர்மினலில் உட்கார்ந்து 'ஐ.பி.எல்.' என்று அடித்தால், லோடு பொத்தானை அழுத்தியதாக அர்த்தம். 'ரீசெட்' என்று அடித்தால் ரீசெட்.

அதாவது, ஸ்விட்ச் என்பது ஒரு வார்த்தையாகிவிட்டது. ஸ்விட்ச்சைப் போட விரல் வேண்டும், விரலுக்கு ஓர் ஆள் வேண்டும், ஆளுக்குத் தூக்கம் வரும். வார்த்தைக்கு இந்தத் தொல்லை எதுவும் கிடையாது. முன்கூட்டியே எழுதி வைத்துவிடலாமே!

*

எழுதி வைக்கிற வித்தையை ஏற்கெனவே ஒருத்தர் கண்டுபிடித்திருந்தார். லூயி பூஸான். பிரான்ஸிலிருந்து எம்.ஐ.டி.க்கு வந்திருந்தவர். தினமும் அதே கட்டளைகளைத் திரும்பத் திரும்ப டைப் அடித்து அலுத்துப்போனவர், 1963-64 வாக்கில் 'ரன்காம்' என்று ஒரு புரோகிராம் எழுதினார். கட்டளைகளை வரிசையாக ஒரு ஃபைலில் எழுதிவைத்துவிட்டு, இதைப் படித்து அதன்படி செய் என்றால் போதும், கம்ப்யூட்டர் ஒவ்வொன்றாகச் செய்துமுடிக்கும். இன்றைக்கும் யூனிக்ஸ், லினக்ஸ் கம்ப்யூட்டர்களில் சில ஃபைல்களின் பெயர் 'ஆர்.ஸி.' என்று முடிவதைப் பார்க்கலாம். பூஸானின் ரன்காம் விட்டுப்போன விலாசம் அது.

கேம்பிரிட்ஜ்காரர்களின் சிஸ்டத்திலும் இதே மாதிரி ஒரு வசதி இருந்தது. அதற்கு 'எக்ஸெக்' என்று பெயர் வைத்தார்கள். ஆக, ஒரு பக்கம் ஸ்விட்ச் வார்த்தையாகிவிட்டது. இன்னொரு பக்கம் வார்த்தைகளைச் சீட்டில் எழுதிக் கொடுத்தால் மெஷினே படித்துச் செய்கிறது. இரண்டையும் முடிச்சுப் போட வேண்டியதுதான் பாக்கி.

முடிச்சுப் போட வைத்தது எது தெரியுமா? வழக்கம் போல், காசு.

அன்று பெரும்பாலான வாடிக்கையாளர்கள் ஐ.பி.எம். மெஷினை விலைக்கு வாங்குவதில்லை. வாடகைதான். மெஷினுக்குள்ளேயே மீட்டர் இருக்கும், நம் ஆட்டோவில் இருப்பது போல. பிராசஸரோ, தகவலைக் கொண்டுவரும் சேனல்களோ, ஏதாவது ஒன்று வேலையில் இருந்தால் மீட்டர் ஓடும். எல்லாமே சும்மா இருந்தாலும் உடனே நிற்காது. ஏறக்குறைய அரை விநாடி நேரம் சகலமும் அமைதியாக இருந்தால்தான் நிற்கும்.

இப்போது பிரச்னையைப் பாருங்கள். 1960-களின் கடைசியில் சி.பி-40-இன் தம்பி, சி.பி-67 வந்துவிட்டது. வீட்டிலிருந்தபடியே போன் லைனில் கம்ப்யூட்டரைப் பயன்படுத்தலாம். ராத்திரி 11 மணிக்கு யாராவது ஒருத்தர் வேலை செய்ய ஆசைப்படலாம். அந்த ஒருத்தருக்காக மெஷினைப் போட்டே வைத்திருந்தால் மீட்டர் ஏறும். பக்கத்தில் ஓர் ஆபரேட்டரை உட்காரவைத்தால் அவருக்குச் சம்பளம். அணைத்துவிட்டால் ராத்திரியில் யாரும் வரவே மாட்டார்கள். யாரும் வராவிட்டால், ராத்திரியில் எதற்குப் போடவேண்டும் என்று கேள்வி வரும். ஆள் வராததால் பஸ் விடவில்லை, பஸ் விடாததால் ஆள் வரவில்லை என்கிற கதைதான்.

இரண்டு தந்திரங்கள் செய்தார்கள். ஒன்று, யாரும் எதுவும் டைப் அடிக்காதபோது சேனல்கள் உண்மையாகவே அடங்கிப்போகும்படியும், ஓர் எழுத்து வந்தால் சட்டென்று விழித்துக்கொள்ளும்படியும் மென்பொருளை மாற்றினார்கள். மீட்டர் நின்றது. இரண்டு, ஆபரேட்டரை வீட்டுக்கு அனுப்பினார்கள். விளக்கை அணைத்துவிட்டு, கதவைப் பூட்டிக்கொண்டு போய்விடலாம். மெஷின் இருட்டில் தன்னந்தனியாக ஓடும்.

சரி, ராத்திரி மெஷின் படுத்துவிட்டால்? தானாகவே எழுந்துகொள்ள வேண்டும். சி.பி-67 அப்படித்தான் செய்தது. அதற்கு ஒரு வேடிக்கையான சாட்சி உண்டு. எம்.ஐ.டி.யில் ஒரு பரிசோதனைக்கூடத்தில் இருந்த சி.பி-67 ஒரே நாளில் 27 தடவை விழுந்தது! காரணம் ரொம்ப அற்பம். ஹார்வர்டில் ஒருத்தர் புதிதாக மாட்டிய கருவிக்காக, ஒரு வரியின் அதிகபட்ச நீளத்தை ஒரேயடியாகக் கூட்டியிருந்தார்கள். நீளக் கணக்குப் போடும் இடத்தில் அவ்வளவு பெரிய எண்ணுக்கு இடமில்லை. கணக்குத் தப்பி, மெஷின் விழுந்தது. அன்று அங்கே இருந்த டாம் வான் வ்ளெக் பின்னாளில் இதை எழுதிவைத்திருக்கிறார். அவர் வியந்தது 27 தடவை விழுந்ததைப் பற்றி இல்லை. ஒரே நாளில் 27 தடவை விழ முடிந்ததே, அதைப் பற்றி! ஒவ்வொரு முறையும் நாலைந்து நிமிடங்களில் யார் கையும் படாமல் எழுந்து நின்றிருக்கிறது. அதே காலத்தில் மல்டிக்ஸ் என்ற இன்னொரு சிஸ்டம் ஒரு தடவை விழுந்தால் எழுந்திருக்க ஒரு மணி நேரம் ஆகும். அது எங்கே 27 தடவை விழுவது?

*

பொய் மெஷின்களைச் சீட்டு எழுதிப் போட்டு அணைக்கிற வேலைக்கு முழு வடிவம் கொடுத்தவர்களில் லின் வீலர் ஒருவர். கேம்பிரிட்ஜ் மையத்தில் இருந்தவர். புதிய மென்பொருள் வேகமாக ஓடுகிறதா என்று சோதிக்க வேண்டும். ஒவ்வொரு சோதனைக்கும் மெஷினை மறுபடி ஆரம்பித்து, இத்தனை பேர் வேலை செய்வது போல இத்தனை வர்ச்சுவல் மெஷின்களைத் தொடங்கி, ஓட்டிப் பார்த்து, குறித்துக்கொண்டு, மறுபடி முதலிலிருந்து. கையால் செய்தால் பைத்தியம் பிடிக்கும். அதற்காக 'ஆட்டோலாக்' என்று ஒரு கட்டளையைச் சேர்த்தார். டெர்மினலில் ஆள் உட்காராமலேயே ஒரு வர்ச்சுவல் மெஷினை எழுப்பிவிடும் கட்டளை. அவருடைய நினைவுக் குறிப்புகளின்படி, 1970-களின் நடுவில் ஒரு மென்பொருளை வெளியிடும் முன் இப்படிச் சுமார் 2,000 சோதனைகளை, 3 மாதத்தில், மெஷின் தானாகவே செய்து முடித்ததாம்.

சோதனைக்கு வந்த கட்டளை சீக்கிரமே சம்சாரத்துக்கு வந்துவிட்டது. பின்னால் வந்த பதிப்புகளில், பெரிய மெஷின் எழுந்ததும் 'ஆட்டோலாக்1' என்கிற ஒரே ஒரு வர்ச்சுவல் மெஷின் முதலில் கண் விழிக்கும். அதன் கையில் ஒரு சீட்டு. அதைப் படித்து, பிரிண்டரைக் கவனிப்பவர், நெட்வொர்க்கைக் கவனிப்பவர் என்று மற்றவர்களை வரிசையாக எழுப்பும். வீட்டில் முதலில் அம்மா எழுந்து, அப்புறம் ஒவ்வொருத்தராக எழுப்புவது போல. ஐ.பி.எம்.மின் பெரிய மெஷின்களில் இந்த வழக்கம் இன்றும் இருக்கிறது.

சீட்டு எழுதும் பாஷையும் மாறியது. பழைய எக்ஸெக் சீட்டுகளைப் படிப்பதற்குள் கண் வலிக்கும், அவ்வளவு குறியீடுகள். 1979 மார்ச்சில் இங்கிலாந்துக்காரரான மைக் கௌலிஷா, மனிதர்கள் படிக்கிற மாதிரி ஒரு பாஷையை ஆரம்பித்தார். கம்பெனியின் உள் நெட்வொர்க்கில் ஊர் ஊராக அனுப்பி, குறை கேட்டுக் கேட்டுத் திருத்தினார். 'ரெக்ஸ்' என்ற அந்த பாஷை 1983-இல் ஐ.பி.எம்.மின் வி.எம். மென்பொருளோடு சேர்ந்தே வந்தது.

அதற்குள் உலகம் வேறு பக்கம் திரும்பிவிட்டது. மேஜை மேல் வைக்கும் குட்டிக் கம்ப்யூட்டர் மலிவாக வந்துவிட்டது. தலைக்கு ஒரு தனி வீடு கிடைக்கும்போது யார் ஒண்டுக்குடித்தனம் இருப்பார்கள்? வர்ச்சுவல் மெஷின்கள் வங்கிகளின் பெரிய மெஷின் அறைகளுக்குள் ஒதுங்கிவிட்டன.

இருபது வருஷம் கழித்து வேறு தலைவலி. தலைக்கு ஒரு வீடு, ஆனால் வீட்டில் ஆளில்லை. கம்பெனிகளில் வரிசை வரிசையாக சர்வர்கள். பெரும்பாலானவை பெரும்பாலான நேரம் சும்மா. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மெண்டல் ரோஸன்ப்ளமும் அவர் மாணவர்களும் பழைய ஐ.பி.எம். யோசனையைத் தூசி தட்டினார்கள். 1998-இல் அவரும், மனைவி டயான் க்ரீனும், இன்னும் மூன்று பேரும் சேர்ந்து விஎம்வேர் கம்பெனியை ஆரம்பித்தார்கள். 1999-இல் சாதாரண பி.சி.க்குள் பொய் பி.சி. வந்தது. 2001-இல் சர்வர்களுக்கான பதிப்பு. ஒண்டுக்குடித்தனம் திரும்பி வந்தது. கூடவே பழைய கேள்வியும்: ராத்திரி யார் அணைப்பது?

*

அணைப்பது என்றால் என்ன என்பதிலேயே ஒரு சிக்கல் இருக்கிறது.

உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரை இரண்டு விதமாக அணைக்கலாம். மெனுவில் போய் 'ஷட் டவுன்' சொல்வது ஒன்று. அது எல்லாவற்றையும் எழுதிமுடித்து, ஃபைல்களை மூடி, விடைபெற்றுப் போகும். சுவரில் இருக்கும் ஸ்விட்ச்சைத் தட்டுவது இன்னொன்று. சாப்பிட்டுக்கொண்டிருப்பவரின் இலையைப் பாதியில் உருவுவது மாதிரி. ஒரு வங்கிக் கணக்கிலிருந்து பணத்தைக் கழித்தாகிவிட்டது, இன்னொன்றில் இன்னும் சேர்க்கவில்லை என்ற நிமிஷத்தில் இலையை உருவினால் என்ன ஆகும்? நல்ல டேட்டாபேஸ்கள் இதற்கும் தயாராகத்தான் இருக்கும். எல்லா மென்பொருளும் நல்ல மென்பொருள் இல்லை.

வர்ச்சுவல் மெஷினுக்கும் இந்த இரண்டு வழிகளும் உண்டு. மரியாதையாகச் சொல்ல வேண்டுமென்றால், அந்த மெஷினுக்குள் சேதி கேட்டுச் சொல்கிற ஒரு குட்டி புரோகிராம் இருக்கவேண்டும். அது இல்லையென்றாலோ, மெஷின் உறைந்துபோயிருந்தாலோ, நீங்கள் எவ்வளவு மரியாதையாகக் கேட்டாலும் பதில் வராது. அதனால் விஎம்வேரின் ஆரம்ப காலக் கட்டளைகளில் மூன்று தினுசு வைத்திருந்தார்கள். 'சாஃப்ட்', அதாவது மரியாதை. 'ஹார்டு', அதாவது இலையை உருவுவது. மூன்றாவது 'ட்ரைசாஃப்ட்'. முதலில் மரியாதையாகச் சொல்லிப்பார், கேட்கவில்லையென்றால் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளு! எழுதினவர் அனுபவஸ்தர் என்று தெரிகிறது.

மூன்றாவதாக ஒரு நிலையும் இருக்கிறது. 'சஸ்பெண்ட்'. மெஷினின் ஞாபகத்தில் இருப்பதை அப்படியே டிஸ்க்கில் எழுதிவிட்டுத் தூங்கவைப்பது. காலையில் எழுப்பினால் விட்ட வார்த்தையிலிருந்து தொடரும். நேற்று ராத்திரி 8 மணிதான் இன்னும் என்று நினைத்துக்கொண்டு எழும் என்பதால், கடிகாரத்தைச் சரிசெய்யச் சொல்லவேண்டும். கும்பகர்ணனுக்கு முதலில் தேதி சொல்ல வேண்டிய மாதிரி.

2006-இல் மைக்ரோசாஃப்ட் 'பவர்ஷெல்' என்ற சீட்டு பாஷையை வெளியிட்டது. ஜெஃப்ரி ஸ்னோவர் என்பவரின் பல வருஷப் பிடிவாதம் அது. அதன் விதி எளிமையானது: வினை முதலில், பெயர் பிறகு. 'ஸ்டார்ட்-விஎம்' என்றால் மெஷினைப் போடு. 'ஸ்டாப்-விஎம்' என்றால் நிறுத்து. விஎம்வேர் 2008-இல் இதே பாஷையில் தன் கட்டளைகளைக் கொடுத்தது. பின்னால் மைக்ரோசாஃப்ட் தன்னுடைய ஹைப்பர்-வி மெஷின்களுக்கும் கொடுத்தது.

இங்கே ஒரு விபரீதம். விஎம்வேரில் 'ஸ்டாப்-விஎம்' என்றால் இலையை உருவுவது. மரியாதையாக அனுப்ப வேறு கட்டளை. மைக்ரோசாஃப்டில் அதே 'ஸ்டாப்-விஎம்' என்றால் மரியாதையாக அனுப்புவது. இலையை உருவ, தனியாக இன்னொரு வார்த்தை சேர்க்கவேண்டும். ஒரே சொல், இரண்டு வீட்டில் இரண்டு அர்த்தம்! ஒரு வீட்டில் எழுதிய சீட்டை இன்னொரு வீட்டுக்கு எடுத்துப்போனால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். சீட்டைப் படிக்கிற மெஷின், "ஐயா, உண்மையிலேயே இப்படித்தான் சொன்னீங்களா?" என்று கேட்காது.

*

இவ்வளவு கஷ்டப்பட்டு எதற்கு அணைக்கவேண்டும் என்று கேட்கிறீர்களா? கரண்ட்.

2007 டிசம்பரில் கூகுளின் லூயிஸ் பரோஸோவும் உர்ஸ் ஹோல்ஸ்லேயும் ஒரு கட்டுரை எழுதினார்கள். சிக்கனமான சர்வர் என்று பெயரெடுத்தது கூட, ஒரு வேலையும் செய்யாமல் சும்மா நிற்கும்போது, முழு வேகத்தில் ஓடும்போது குடிப்பதில் பாதி கரண்டைக் குடிக்கிறது. வீட்டில் படுத்துக்கிடக்கிறவரும் வெட்டி முறித்துவிட்டு வந்தவரில் பாதி சாப்பிடுகிற மாதிரி.

வர்ச்சுவல் மெஷினை மட்டும் அணைத்தால் பெரிய மிச்சம் கிடையாது. அடியில் இருக்கும் நிஜ சர்வர் ஓடிக்கொண்டேதானே இருக்கிறது? அதனால் விஎம்வேர் ஒரு வேலை செய்தது. ராத்திரி பத்துப் பத்துப் பேரோடு நாலு பஸ் போனால், எல்லோரையும் ஒரே பஸ்ஸில் ஏற்றிவிட்டு மற்ற மூன்றையும் டிப்போவுக்கு அனுப்புவோமில்லையா? அதே மாதிரி, ஓடிக்கொண்டிருக்கும் வர்ச்சுவல் மெஷின்களை நிறுத்தாமலேயே ஒரு சர்வருக்கு நகர்த்திவிட்டு, காலியான சர்வர்களை அணைத்துவிடுவது. காலையில் கூட்டம் சேர்ந்ததும் நெட்வொர்க் வழியாகத் தட்டி எழுப்புவது. 2009-இல் இது முழுமையாகப் புழக்கத்துக்கு வந்தது.

நம் ஊருக்கு கரண்ட் விஷயத்தில் வேறொரு பாடம் உண்டு. 2012-ஐ மறந்திருக்க மாட்டீர்கள். சென்னையில் தினம் 2 மணி நேரம் கட். மற்ற ஊர்களில் அதைப்போலப் பல மடங்கு. யு.பி.எஸ். பேட்டரி தாக்குப்பிடிப்பது எவ்வளவு நேரம்? இப்படிப்பட்ட இடங்களில் யு.பி.எஸ்.ஸிலிருந்து ஒரு ஒயர் சர்வருக்குப் போகும். "பேட்டரி கொஞ்சம்தான் இருக்கு" என்று அது சேதி அனுப்பியதும் ஸ்க்ரிப்ட் வேலையைத் தொடங்கும். முதலில் ஜனங்கள் உபயோகிக்கும் அப்ளிகேஷன் மெஷின். அது நின்ற பிறகு டேட்டாபேஸ் மெஷின். எல்லாம் நின்ற பிறகு அடியில் இருக்கும் சர்வர். வரிசை மாறக்கூடாது. பரிமாறுகிறவர் இருக்கும்போதே சமையல்காரரை அனுப்பிவிட்டால் பந்தியில் கலாட்டாதான். கரண்ட் வந்ததும் இதே வரிசை தலைகீழாக.

*

2006 ஆகஸ்டில் அமேசான் ஒரு காரியம் செய்தது. தன் வர்ச்சுவல் மெஷின்களை ஊருக்கே வாடகைக்கு விட்டது. ஒரு மெஷினுக்கு ஒரு மணி நேரத்துக்கு 10 சென்ட். ஒரு மணிக்கு மேல் ஒரு நிமிஷம் ஆனாலும் இரண்டு மணி நேரக் காசு. கவனித்தீர்களா? நாற்பது வருஷம் கழித்து மீட்டர் திரும்பி வந்துவிட்டது!

ஆரம்பத்தில் அமேசான் மெஷினைத் தற்காலிகமாக நிறுத்தி வைக்கவே முடியாது. வேண்டாம் என்றால் மொத்தமாக முடித்துவிட வேண்டும். உள்ளே இருந்த தகவலும் போச்சு. 2009 டிசம்பரில்தான் நிறுத்திவைத்து மறுபடி தொடங்கும் வசதி வந்தது. 2017 அக்டோபரில் பெரும்பாலான லினக்ஸ் மெஷின்களுக்கு விநாடிக் கணக்கில் பில் போட ஆரம்பித்தார்கள். குறைந்தது 60 விநாடி.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு வாரத்துக்கு 168 மணி நேரம். மென்பொருள் எழுதிப் பழகும் டெஸ்ட் மெஷின்கள் தினம் 10 மணி நேரம், வாரம் 5 நாள் தேவைப்படும். 50 மணி நேரம். மிச்சம் 118 மணி நேரம் அது சும்மா ஓடுகிறது. அந்தப் பழைய 10 சென்ட் விலையிலேயே 100 மெஷின் வைத்திருந்தால் வாரத்துக்கு 1,680 டாலர். சாயங்காலம் அணைத்துக் காலையில் போட்டால் 500 டாலர், டிஸ்க்குக்கான வாடகை தனி. பத்து வரிச் சீட்டு ஒன்று பில்லில் முக்கால்வாசிக்குக் கொஞ்சம் குறைவாக மிச்சம் பிடித்துவிடும். 

ஆனால் அந்தப் பத்து வரியில் ஒரு வரி பிசகினால்? இப்படிச் சீட்டு ஓட்டும் கடிகாரங்கள் பெரும்பாலும் உலகப் பொது நேரத்தில் இருக்கும். நமக்கும் அதற்கும் ஐந்தரை மணி நேர வித்தியாசம். நம் ஊர்க்காரர் காலை 9 மணிக்குப் போடு என்று எழுதிவிட்டு நிம்மதியாகத் தூங்கினால், மெஷின் மத்தியானம் இரண்டரைக்கு எழுந்திருக்கும். அது வரைக்கும் ஆபீஸே கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருக்கும்.

இது சின்னப் பிசகு. பெரிய பிசகு ஒன்றைச் சொல்கிறேன்.

2014 மே 27. அமெரிக்காவில் ஜாயென்ட் என்ற கம்பெனி. அமேசான் போலவே மெஷின்களை வாடகைக்கு விடும் தொழில். அன்று ஓர் ஆபரேட்டர், புதிதாக வந்த சில சர்வர்களை மட்டும் ரீபூட் செய்யவேண்டியிருந்தது. அதற்கென்று ஒரு கருவி. எந்தெந்த சர்வர் என்பதை டைப் அடித்துக் கொடுக்கவேண்டும். அடித்ததில் ஒரு பிழை. "இவற்றை மட்டும்" என்பது "எல்லாவற்றையும்" என்று ஆகிவிட்டது. கருவி மறு கேள்வி கேட்கவில்லை. அந்த டேட்டா சென்டரில் இருந்த அத்தனை சர்வர்களும் ஒரே சமயத்தில் ரீபூட் ஆகின. அவற்றுக்குள் குடியிருந்த வாடிக்கையாளர்களின் அத்தனை மெஷின்களும் சேர்ந்து விழுந்தன.

விழுந்ததை விட எழுந்ததுதான் பெரிய கூத்து. அந்த சர்வர்கள் நெட்வொர்க் வழியாக மென்பொருளை வாங்கிக்கொண்டுதான் எழவேண்டும். தினம் ஒன்றிரண்டு எழும்போது அது சுலபம். அத்தனையும் ஒரே நொடியில் "எனக்கு, எனக்கு" என்று கையை நீட்டினால்? மணி அடித்ததும் மொத்தப் பள்ளிக்கூடமும் ஒரே கேட்டில் முண்டியடித்த மாதிரி ஆனது. முதலில் தப்பித்தவர்களுக்கு 20 நிமிடம். கடைசியாக எழுந்தவர்களுக்கு இரண்டரை மணி நேரம்.

அந்த ஆபரேட்டரை என்ன செய்தார்கள்? ஒன்றும் செய்யவில்லை. தண்டனை எதுவும் கிடையாது என்று தொழில்நுட்பத் தலைவர் பிரையன் கான்ட்ரில் அப்போதே சொல்லிவிட்டார். அந்த மனிதர் ஏற்கெனவே கூனிக் குறுகிப் போயிருக்கிறார், அதற்கு மேல் நாம் என்ன செய்துவிட முடியும் என்பது அவர் வாதம். அவர்கள் கையை நீட்டியது கருவியின் மேல். சர்வர்களை மொத்தமாக அணைக்கச் சொன்னால், கேள்வி கேட்காமல் அணைக்கிற கருவியை யார் செய்தது?

*

நியாயமான கேள்விதானே? பழைய ஆபரேட்டரை நினைத்துப் பாருங்கள். 1965-இல் அவர் நூறு மெஷினை அணைக்கவேண்டும் என்றால், நூறு பொத்தானை அழுத்தவேண்டும். நாலாவது பொத்தானிலேயே கை தயங்கும். "என்னப்பா, எல்லாத்தையும் அணைக்கச் சொல்றாங்களே, நிஜமாவா?" என்று யாரையாவது கேட்டிருப்பார். தூக்கம் வருவதும், தப்பு செய்வதும் மனிதக் கையின் குறைகள். தயங்குவது அதன் குணம். ஸ்விட்ச்சை வார்த்தையாக்கி, வார்த்தையைச் சீட்டாக்கியபோது, தூக்கத்தோடு சேர்த்துத் தயக்கத்தையும் வெளியே அனுப்பிவிட்டோம்.

இப்போது அதைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே கூட்டிவருகிறார்கள். பவர்ஷெல்லில் கட்டளையோடு 'வாட்-இஃப்' என்று சேர்த்தால், "செய்யவில்லை. செய்திருந்தால் இன்னின்ன மெஷின் நின்றிருக்கும்" என்று ஒத்திகை மட்டும் பார்த்துச் சொல்லும். அமேசானில் முக்கியமான மெஷின்களை, யார் சொன்னாலும் அழிக்காதே என்று பூட்டி வைக்கலாம். நல்ல சீட்டு எழுதுகிறவர்கள் நூறு மெஷினை ஒரே மூச்சில் எழுப்புவதில்லை. ஐந்தைந்தாக, நடுவில் மூச்சு விட்டு எழுப்புகிறார்கள். அணைக்கச் சொன்ன மெஷின் ஐந்து நிமிடத்தில் அணையாவிட்டால், இலையை உருவுவதற்கு முன் யாருக்காவது ஒரு எஸ்.எம்.எஸ். அனுப்பச் சொல்கிறார்கள். எதுவும் பெரிய விஞ்ஞானமில்லை. அந்தப் பழைய ஆபரேட்டரின் கை செய்திருக்கக்கூடியதுதான்.

உங்கள் ஆபீஸிலும் யாராவது இப்படி ஒரு சீட்டு எழுதி ராத்திரி டியூட்டிக்கு விட்டிருக்கலாம். உங்கள் வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்கே இப்போது தானாக நிற்கும் மோட்டார் வந்துவிட்டது. வாங்குங்கள், எழுதுங்கள், தப்பில்லை. ஒன்றே ஒன்று மட்டும் விசாரித்துக்கொள்ளுங்கள்: இது எதை அணைக்கும், எப்படி அணைக்கும், தப்பாகச் சொன்னால் திருப்பிக் கேட்குமா?

எங்கள் பாட்டி ராத்திரி படுக்கப் போகும் முன் "கேஸை மூடியாச்சா?" என்று மூன்று தடவை கேட்பாள். எரிச்சலாக இருக்கும். மூடியாச்சு, மூடியாச்சு என்று கத்துவோம். ஒரு நாள் மூன்றாவது தடவை கேட்டபோது எழுந்துபோய்ப் பார்த்தேன்.

மூடவில்லை.